மெஹிட்டபெல் பேசிய ஞாயிறு

செப்டம்பர் 16, 1986 – செவ்வாய்

நூலகத்தில் இன்று ஒன்பது கடிதம். ஒன்பதிலும் ஒரே பாட்டு: என் முன்னோர் இங்கிலாந்திலிருந்து எந்தக் கப்பலில் வந்தார்கள்? கலிஃபோர்னியாவில் வெயில் காய்கிறவர்களுக்கெல்லாம் திடீரென்று எங்கள் மார்ஷ்பரியில் ஒரு பாட்டன் வேண்டியிருக்கிறது. ஓர் அம்மாளுக்குத் தன் வம்சம் பழைய ஆளுநர் ஒருவரோடு போய்ச் சேருவதாகக் கனவு வந்ததாம். ஆதாரத்தை நகலெடுத்து அனுப்பச் சொல்கிறாள். கனவுக்கு நான் எந்த அலமாரியில் ஆதாரம் தேடுவது?

ஊர் நூலகத்தில் கேட்பவர்களுக்குக் குடும்ப வரலாறு தேடிக் கொடுப்பது சம்பளம் இல்லாத வேலை. செவ்வாயும் வியாழனும் என் நாட்கள். பதினோரு வருடமாகிறது. பிடித்துத்தான் செய்கிறேன், சும்மா அலுத்துக்கொள்கிறேன்.

வீட்டுக்கு வந்தால் கோராவின் ஃபோன். நவம்பரில் ஊருக்கு முந்நூற்றைம்பது வயது. முதல் குடியேறிகள் சங்கம் அன்றைக்குக் குடும்பப் புத்தகம் வெளியிடுகிறது. சங்கத்தின் தலைவி என் அக்கா கோரா. அவள் ஆட்சியில் ஒரு தூசி நகர வேண்டுமென்றாலும் அனுமதி வேண்டும்.

"ஊரான் வீட்டுப் பாட்டனையெல்லாம் தோண்டித் தோண்டிக் குடுக்கற. நம்ம பிரெஸ்பரி குடும்பத்துப் பக்கம் எழுத மட்டும் உனக்கு நேரமில்லையாடி?"

"நம்ம பாட்டன் எங்கயும் ஓடிட மாட்டார், கோரா. முந்நூறு வருஷமா அதே இடத்துலதான் படுத்திருக்கார்."

அக்டோபர் கடைசிக்குள் கொடுப்பதாக ஒப்புக்கொண்டேன். என் கணவர் எல்டன் வயலிலிருந்து இரண்டு பழம் கொண்டுவந்து மேசையில் வைத்தார். கிரான்பெரி நிறம் ஏற ஆரம்பித்துவிட்டது.

செப்டம்பர் 18 – வியாழன்

மூன்றாவது உறை. வெர்மான்ட், ரட்லண்ட். நல்ல உருண்டைக் கையெழுத்து.

பெயர் நடீன் லாஃப்லர். 1949 மார்ச் 9, ஸ்பிரிங்ஃபீல்டில் பிறப்பு. பத்து நாள் குழந்தையாக லாஃப்லர் தம்பதி தத்தெடுத்தார்கள். வளர்த்த அம்மா போன குளிர்காலத்தில் இறந்துபோனாள். போவதற்கு முன் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்: பெற்றவள் மார்ஷ்பரிப் பக்கம், பிரெஸ்பரி என்று ஒரு பழைய குடும்பம், நர்ஸ் ஒருத்தி வாய்தவறிச் சொன்னது. அந்தக் குடும்பத்தில் அந்த வயதுக்கு யார் இருந்தார்கள் என்று நூலகத்தில் பார்த்துச் சொல்ல முடியுமா? "எனக்குக் கப்பலும் வேண்டாம், முதல் குடியேறியும் வேண்டாம். என் மூக்கு யாருடையது என்று தெரிந்தால் போதும்."

நான்தான். வேறு யார்?

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. குழந்தைக்கு அப்பன், கப்பற்படை விடுப்பில் வந்து, விடுப்பு முடிந்து போனவன். பெயரை இங்கே எழுதப்போவதில்லை. நான் தட்டச்சுப் படிக்கப் போயிருப்பதாக ஊருக்குச் சொன்னார்கள். ஸ்பிரிங்ஃபீல்டில் கல்யாணமாகாத தாய்மாருக்கான விடுதிவரை கார் ஓட்டியவள் கோரா. குழந்தையை நான் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்தால் சுலபம் என்று அங்கிருந்த அம்மாள் சொன்னாள். யாருக்குச் சுலபம்?

அப்பா, அம்மா போய்விட்டார்கள். இப்போது தெரிந்தவள் கோரா மட்டும். எல்டனுக்குத் தெரியாது. முப்பத்துநாலு வருடத் திருமணத்தில் எல்டனுக்குத் தெரியாது.

கடிதத்தைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். நூலகத்துக்கு வந்த கடிதத்தை வெளியே எடுத்துவரக் கூடாது என்று விதி எழுதி ஒட்டியவளே நான்தான்.

செப்டம்பர் 19

பெயர் நடீன். இத்தனை வருடம் அவளுக்கு என்ன பெயர் வைத்திருப்பார்கள் என்று யோசித்து யோசித்து, ஒரு நாள்கூட நடீன் என்று தோன்றியதில்லை.

செப்டம்பர் 23 – செவ்வாய்

பதில் அனுப்பிவிட்டேன்.

நூலகத் தாளில், தட்டச்சில். "தாங்கள் தரும் விவரங்களுக்குப் பொருந்தும் எவரும் மார்ஷ்பரி பிரெஸ்பரி குடும்பப் பதிவுகளில் இல்லை. தங்கள் தேடலுக்கு வாழ்த்துகள்." கீழே குடும்ப வரலாற்றுப் பிரிவு என்ற முத்திரை. கையெழுத்துக்கூடப் போடவில்லை.

ஒரு விதத்தில் உண்மைதானே? பதிவுகளில் இல்லை. நான் எழுதவில்லை, அதனால் இல்லை.

சீ. யாரிடம் வக்கீல் வேலை காட்டுகிறேன்?

செப்டம்பர் 27 – சனி

எல்டன் இரண்டாம் தட்டு பீன்ஸ் கேட்டுவிட்டு என் தட்டைப் பார்த்தார். "சாப்பிடாம என்ன யோசனை? செத்துப்போன பிரெஸ்பரிங்க யாராவது திரும்பி வந்துட்டாங்களா?"

சிரித்தேன். எப்படிச் சிரித்தேன் என்று தெரியவில்லை.

எங்களுக்குக் குழந்தை இல்லை. 1958 வாக்கில் அவர் ஒருமுறை, பாஸ்டனில் ஒரு டாக்டர் இருக்கிறாராம், இரண்டு பேரும் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டார். வேண்டாம், கடவுள் கொடுத்தால் கொடுக்கட்டும் என்றேன். குறை யாரிடம் என்று தெரியாமலே இருக்கட்டும் என்றேன். பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டார். அதற்காக என்மேல் இன்னும் பிரியம் வைத்தார். எனக்குத் தெரியும், குறை என்னிடம் இல்லை என்று. இல்லை, அப்படியும் சொல்ல முடியாது. கொடுத்ததைக் கைவிட்டவளுக்கு இரண்டாவது கிடையாது, இது எனக்கு வந்த தண்டனை என்று நம்பினேன். நம்பினேனா? நம்புவது வசதியாக இருந்ததா?

அக்டோபர் 2 – வியாழன்

சபைப் போதகர் பழைய சபைப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். 1660 முதல் 1712 வரை. இதுவரை வங்கிப் பெட்டகத்தில் கிடந்தது. பழைய போதகர் யார் கண்ணிலும் காட்டமாட்டார். இவர் புதியவர், பயமில்லாதவர். "படியெடுத்துக் குடுங்க வின்னி, உங்க கைக்குத்தான் அந்த எழுத்து பழகியிருக்கு" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பாவத்தை மறப்பதற்கு நல்ல வேலையைப் போல மருந்து இல்லை என்று அம்மா சொல்வாள்.

கன்றுத்தோல் அட்டை. மை பழுப்பேறியிருக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு பக்கம்தான் ஓடுகிறது.

அக்டோபர் 7

அறுவடை. பழம் மிதந்து மேலே வர வயலில் தண்ணீர் கட்டியாகிவிட்டது. எல்டன் இடுப்புவரை ரப்பர் பூட்ஸோடு பழத்தை ஒதுக்கிக்கொண்டே நடக்கிறார்; ஒரு ஏக்கர் சிவப்பு அவர் பின்னால் மிதந்து வருகிறது. அறுபத்திரண்டு வயது. கரையில் நின்று காபி கொடுத்தேன். சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். தண்ணீருக்குள் நிற்கும் மனிதரிடம் சொல்லுகிற விஷயமா?

அக்டோபர் 9 – வியாழன்

இதை நிதானமாக எழுதவேண்டும்.

ஊர்ப் பதிவேட்டில் உள்ளது: 1636இல் வந்த நதானியேலின் மகன் ஜோசையா பிரெஸ்பரிக்கும் மெஹிட்டபெல்லுக்கும் திருமணம், ஜனவரி 1671. மகன் பெனையா பிறப்பு, மே 1672. பதினாறு மாதம். அப்பா 1931இல் சங்கத்துக்குக் கொடுத்த படிவத்திலும் அப்படியே. நானே நூறு தடவை பார்த்திருக்கிறேன். பெனையா எங்களுக்கு நேர்ப் பாட்டன். அவன் இல்லாவிட்டால் கோராவும் இல்லை, நானும் இல்லை.

இன்று சபைப் புத்தகத்தில் 1672 ஜூன் பக்கம். "ஜோசையா பிரெஸ்பரியும் அவன் மனைவியும், திருமணத்துக்கு முன் செய்த பாவத்தை அறிக்கையிட" என்று ஆரம்பிக்கிறது. எனக்குப் புரியவில்லை. பதினாறு மாதம் கழித்துப் பிறந்த குழந்தைக்கு எதற்கு அறிக்கை?

அப்புறம் உறைத்தது. அந்தக் காலத்தில் இவர்களுக்குப் புது வருடம் பிறப்பது மார்ச் 25. ஜனவரியும் பிப்ரவரியும் பழைய வருடத்தின் வால். அவர்கள் ஜனவரி 1671 என்று எழுதினால் நம் கணக்கில் அது ஜனவரி 1672. பதினாறு மாதம் இல்லை. நாலு மாதம்.

புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் நான் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமே இது! ஜனவரியைக் கண்டால் இரண்டு தடவை யோசி, 1671/72 என்று இரட்டையாக எழுது. சுவரில்கூட எழுதி ஒட்டியிருக்கிறேன். ஊருக்குத்தான் உபதேசம். சொந்தப் பாட்டி விஷயத்தில் கண் தானாகவே மூடிக்கொண்டது.

அப்பாவுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? அவ்வளவு கவனமான மனிதர். 1949இல் என்னைப் பார்க்காமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டு "உன் சாமானை எடுத்து வை" என்று சொன்ன மனிதர்.

அக்டோபர் 11 – சனி

கோராவிடம் சொன்னேன். சபைப் புத்தகத்தை மட்டும், நடீனை இல்லை. ஆப்பிள் பலகாரத்தை வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"யாரு கேட்டா உன்னை?"

"பதிவு சொல்லுது."

"பதிவு முந்நூறு வருஷமா வாய மூடிக்கிட்டு இருந்துச்சு. நீதான் கிண்டிவிட்ட. நாலு மாசத்துல புள்ள பெத்தவளோட வம்சம் நாங்கன்னு அத்தன பேர் முன்னாடி நான் வாசிக்கணுமா? டர்னர் வீட்டுக்காரங்க சிரிக்கிற சிரிப்பு எனக்கு இப்பவே கேக்குது."

"டர்னர் வீட்டு முதல் பிள்ளை அஞ்சு மாசம், கோரா. அதுக்கு அடுத்த பக்கத்துலயே இருக்கு."

ஒரு நொடி அவள் வாய் சிரிக்கப் பார்த்தது. அடக்கிக்கொண்டாள். "பழைய மாதிரியே எழுதிக்குடு. பதினாறு மாசம். நல்ல பொண்ணா இரு."

நல்ல பொண்ணா இரு. காரில் ஸ்பிரிங்ஃபீல்டு போகும்போதும் இதைத்தான் சொன்னாள். பலகாரத்தைச் சாப்பிடாமலே வந்துவிட்டேன்.

அக்டோபர் 14 – செவ்வாய்

அந்தப் பக்கத்தை முழுதும் படியெடுத்துவிட்டேன்.

இவர்களுடைய வழக்கம் இது. முதல் குழந்தை ஏழு மாதத்துக்குள் பிறந்துவிட்டால் பெற்றவர்கள் சபை முன் எழுந்து நின்று சொல்லவேண்டும். சொன்னால்தான் குழந்தைக்கு ஞானஸ்நானம். பொதுவாகத் தெரியும், இப்படி முகத்துக்கு நேரே பார்த்ததில்லை. போதகர் எழுதியிருப்பது:

"ஜூன் 9. ஜோசையா அறிக்கையிட்டான். அவன் மனைவி மெஹிட்டபெல் கைக்குழந்தையோடு எழுந்து நின்றாள். அழுகையால் பேச இயலவில்லை. அடுத்த ஓய்வுநாளுக்குத் தள்ளிவைக்கப்பட்டது."

"ஜூன் 16. மெஹிட்டபெல் மீண்டும் நின்றாள். தன் வாயாலேயே தெளிவாகச் சொன்னாள். ஏற்றுக்கொள்கிறவர்கள் கை உயர்த்தும்படி கேட்டோம். எல்லாக் கைகளும் உயர்ந்தன. குழந்தைக்குப் பெனையா என்று ஞானஸ்நானம் கொடுத்தோம்."

அதன்பின் அந்தப் பேச்சே புத்தகத்தில் இல்லை. தேடித் தேடிப் பார்த்தேன். 1709இல் அவள் இறந்தபோது "இச்சபையின் தாய்மாரில் ஒருத்தி" என்று இருக்கிறது, அவ்வளவுதான்.

அந்தக் காலத்துக் கறுப்பு அங்கிக்காரர்களை எனக்குப் பிடித்ததே இல்லை. சிரித்தால் குற்றம், ஞாயிற்றுக்கிழமை ஓடினால் குற்றம், எதிர்த்துப் பேசியவளை ஊரைவிட்டே துரத்தியவர்கள். அந்த ஏழு நாள் அவள் எப்படித் தூங்கியிருப்பாள்? இரண்டாம் ஞாயிறு அந்தப் படியேறக் கால் எப்படி வந்தது? கொடுமைதான், மாற்றிச் சொல்ல வரவில்லை. ஆனால் இரண்டு ஞாயிறோடு முடிந்தது. பிள்ளை அவள் கையிலேயே இருந்தது. என்னை யாரும் நிற்கவைக்கவில்லை. கரிசனத்தோடு காரில் ஏற்றினார்கள், கரிசனத்தோடு பிள்ளையை எடுத்துக்கொண்டார்கள், கரிசனத்தோடு வாயை மூடினார்கள். அவளுடைய பெயர்த்திகளின் பெயர்த்தி நான், வாயைத் திறக்க முப்பத்தேழு வருடம் போதவில்லை.

நூலகத்தில் யாரும் இல்லை, நல்லவேளை. அழுதேன். புத்தகத்தைத் தள்ளி வைத்துவிட்டுத்தான் அழுதேன், மை கரைந்துவிடுமே.

அக்டோபர் 19 – ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

ஆராதனை முடிந்து வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல், சமையலறையில் நின்றபடியே. உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று தெரியும். 1949, ஸ்பிரிங்ஃபீல்டு, பெண் குழந்தை, நடீன் என்று பெயர், கடிதம் வந்திருக்கிறது. எல்லாம் நாலு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. இதற்கா இத்தனை வருடம்?

எல்டன் மெதுவாக நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவன் யார் என்று கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது அது இல்லை.

"அப்போ குறை என்கிட்டதான்."

நான் கோட்டுப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தேன்.

"உனக்குத் தெரிஞ்சிருக்கு. நான் ஒவ்வொரு வருஷமும்... என் தங்கச்சி புள்ளைங்க வந்துட்டுப் போகும்போதெல்லாம், பாவம் வின்னி, அவளுக்கு மனசு வலிக்குமேன்னு நான் உன்னைப் பாத்துக்கிட்டு இருந்தேன். நீ என்னைப் பாத்துக்கிட்டு இருந்திருக்க."

தொப்பியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை. அறுவடையில்கூட ஞாயிறு அவர் வயலில் கால் வைத்ததில்லை.

அக்டோபர் 21

பேச்சு இல்லை. காபி போட்டு வைக்கிறார், எனக்கும் சேர்த்து. அதுதான் தாங்கமுடியவில்லை. கோப்பையைத் தூக்கிப் போட்டு உடைத்திருக்கலாம்.

அக்டோபர் 23

பேச்சு இல்லை. நூலகத்துக்குப் போகவில்லை, காய்ச்சல் என்று சொன்னேன். இன்னொரு பொய்.

அக்டோபர் 26 – ஞாயிறு

காலையில் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டார்.

"டாக்டர்கிட்ட போக வேண்டாம்னியே. எனக்காகச் சொன்னியா, உனக்காகவா?"

"ரெண்டுக்கும்." யோசித்துவிட்டு, "எனக்காகத்தான் ஜாஸ்தி" என்றேன்.

தலையாட்டினார். இன்னொரு ஷூவையும் கட்டினார்.

"அந்தப் பொண்ணுக்கு என்ன பதில் போட்ட?"

அதை நான் சொல்லியிருக்கவில்லை. கடிதம் வந்ததை மட்டும்தான் சொல்லியிருந்தேன். இப்போது சொன்னேன்: நூலகத் தாள், முத்திரை, அப்படி எவரும் இல்லை, வாழ்த்துகள்.

அப்போதுதான் நிமிர்ந்தார். இந்த ஒரு வாரத்தில் முதல்முறையாக அவர் முகத்தில் கோபத்தைப் பார்த்தேன்.

"அது தப்பு, வின்னி. மத்தது எல்லாம் பழசு. அப்ப உனக்குப் பத்தொம்பது வயசு, உன் கையில ஒண்ணும் இல்ல. இது போன மாசம். இது உனக்கு அம்பத்தாறு வயசுல நீயா பண்ணினது."

"தெரியும்."

"தெரிஞ்சா எழுது." கதவுவரை போய்த் திரும்பினார். "எனக்கு இன்னும் கோவம் போகல. அது வேற. நீ எழுது."

அக்டோபர் 28 – செவ்வாய்

சாதாரண வெள்ளைத் தாளில், கையால்.

ஏழு தடவை கிழித்தேன். விளக்கம் எழுதினால் சாக்காகத் தெரிகிறது. மன்னிப்பு எழுதினால் பிச்சையாகத் தெரிகிறது. கடைசியில் நின்றது இவ்வளவு: "நூலகத்திலிருந்து உங்களுக்குப் பதில் எழுதியது நான். அது பொய். நீங்கள் தேடுவது என்னைத்தான். 1949 மார்ச் 9 அன்று உங்களைப் பெற்றவள் நான். உங்களைக் கொடுத்துவிடு என்று சொன்னார்கள். நான் எதிர்த்துப் பேசவில்லை. போன மாதமும் பேசவில்லை. அதற்கு யாரையும் குறை சொல்ல எனக்கு வழியில்லை. நீங்கள் எதைக் கேட்டாலும் பதில் சொல்வேன். ஒன்றும் கேட்காவிட்டாலும் எனக்குப் புரியும்." முகவரி, ஃபோன் எண், முழுப் பெயர்: வினிஃப்ரெட் பிரெஸ்பரி க்ராக்கர்.

ஒரு புகைப்படமும் வைத்தேன். பக்கவாட்டில் எடுத்தது, மூக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி.

அக்டோபர் 30 – வியாழன்

பிரெஸ்பரி பக்கங்களை கோரா வீட்டில் கொடுத்தேன். திருமணம் ஜனவரி 1671/72. பெனையா பிறப்பு மே 1672. கீழே சபைப் புத்தகத்தின் இரண்டு ஞாயிறும், ஒரு வார்த்தை குறைக்காமல். கடைசி ஏட்டில், என் பெயருக்குக் கீழே, குழந்தைகள் என்ற இடத்தில்: ஒரு மகள், பிறப்பு 1949 மார்ச் 9. பெயர் எழுதவில்லை. அது அவளுடையது, அவள் சம்மதிக்காமல் எழுத எனக்கு உரிமையில்லை.

கோரா வாசித்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். பத்ரகாளியாகிவிடுவாள் என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

"எல்டனுக்கு?"

"சொல்லிட்டேன்."

"அவ எழுதியிருக்காளா?"

"எழுதியிருக்கா."

வெகுநேரம் மேசை விரிப்பை நீவிக்கொண்டிருந்தாள். பிறகு, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, அப்பா மாதிரியே:

"முடி இருந்துச்சுடி. கருகருன்னு. அவ்ளோ முடி."

எனக்குப் புரியவில்லை.

"நான் பாத்தேன். நீ மயக்கத்துல இருந்த. வராந்தாவுல அந்த நர்ஸ் என் கையில குடுத்தா, எதையோ எடுக்கப் போனா. அஞ்சு நிமிஷம் இருக்கும். கொட்டாவி விட்டுச்சு." குரல் உடைந்தது. என் அக்காவின் குரல் உடைந்து நான் கேட்டதே இல்லை, அம்மா போனபோதுகூட. "கார்ல வெச்சு ஓட்டிக்கிட்டு வந்துடலாமான்னு நெனச்சேன். சத்தியமா நெனச்சேன். எனக்கும் இருபத்தெட்டு வயசு தானே, அப்பாவுக்குப் பயந்தேன். அதை உன்கிட்ட சொன்னா நீ தாங்கமாட்டேன்னு... இல்ல, நான் தாங்கமாட்டேன்."

என்மேல் இருந்த பாரத்தை அவளும் தூக்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள், வேறு கையில். இத்தனை வருடம் அவளைக் கல்நெஞ்சுக்காரி என்று இதே நோட்டில் எத்தனை தடவை எழுதியிருக்கிறேன்! இரண்டு கிழவிகளும் கட்டிக்கொண்டு அழுதோம். அப்புறம் அவளே மூக்கைச் சிந்திக்கொண்டு, "பக்கம் நாலுல ஒரு காற்புள்ளி விட்டிருக்க" என்றாள்.

நவம்பர் 15 – சனி

ஊர் விழா. சபை மண்டபம் நிறையக் கூட்டம், சிப்பி சூப், வாசிப்பு. சங்கத் தலைவி பிரெஸ்பரி பக்கத்தை வாசித்தாள். "திருமணம் 1672 ஜனவரி. முதல் மகன் 1672 மே." அந்த இடத்தில் குரலைத் தாழ்த்தவும் இல்லை, வேகமாக ஓட்டவும் இல்லை. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கோரா நிறுத்தி, கண்ணாடிக்கு மேலாக அந்தப் பக்கம் பார்த்தாள். "டர்னர் குடும்பம் அடுத்த பக்கம். கொஞ்சம் பொறுங்க, உங்க மாசமும் வருது." மண்டபமே சிரித்தது.

பிறகு கடைசி ஏடு. "வினிஃப்ரெட், பிறப்பு 1930. கணவர் எல்டன் க்ராக்கர். ஒரு மகள், பிறப்பு 1949." வாசித்தேவிட்டாள். எங்களுக்கு 1952இல் கல்யாணம் என்பது இந்த ஊரில் யாருக்குத் தெரியாது? சிரிப்பு நின்றுபோயிற்று. தலைகள் திரும்பின. நான் குனிந்துகொண்டேன். எல்டன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். மூன்று வாரமாகத் தேவைக்குமேல் பேசாத மனிதர். என் பக்கம் திரும்பாமல், என் கையை எடுத்துத் தன் முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். வாசிப்பு முடியும்வரை விடவில்லை.

எல்லாக் கைகளும் உயர்ந்தன என்று சொல்லமாட்டேன். சிலர் சூப் ஆறுகிறது என்று எழுந்துபோனார்கள். போதகர் வந்து "நல்ல பக்கம்" என்றார். டர்னர் வீட்டு மூத்த மருமகள் மட்டும் என் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். ஏன் என்று சொல்லவில்லை. அவளிடமும் ஏதோ இருக்கும்.

நவம்பர் 24 – திங்கள்

ரட்லண்டிலிருந்து கடிதம். அதே உருண்டை எழுத்து, இந்தத் தடவை அழுத்தி எழுதியது.

"நான் இல்லவே இல்லை என்று முத்திரை போட்டு அனுப்பிய அதே கை, ஐந்து வாரம் கழித்து நான்தான் உன் அம்மா என்கிறது. எதை நம்புவது? முதல் கடிதம் வந்த அன்று என் பிள்ளைகள் முன்னால் அழுதேன். அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எனக்கு நாள் வேண்டும். எத்தனை நாள் என்று கேட்காதீர்கள். ஃபோன் எண்ணை வைத்திருக்கிறேன். மூக்கு சரிதான்."

பிள்ளைகள். பிள்ளைகள் என்று எழுதியிருக்கிறாள்.

எல்டனிடம் கொடுத்தேன். வாசித்து முடித்துவிட்டு, "கோவம் நல்லா வருது. உன் பொண்ணுதான்" என்றார். ஒரு மாதத்துக்குப் பிறகு முதல் கிண்டல்.

நவம்பர் 27 – நன்றி தெரிவிக்கும் நாள்

கோரா வந்தாள். வான்கோழி கொஞ்சம் காய்ந்துவிட்டது. மேசையில் ஜெபம் சொல்வது எப்போதும் எல்டன். முடிவில், "ரட்லண்டில் இருக்கறவங்களுக்காகவும்" என்றார். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

டிசம்பர் 25

ஃபோன் அடித்தது. எல்டனின் தங்கை.

ஜனவரி 12, 1987

ஒன்றும் இல்லை. கேட்காதே என்று சொல்லியிருக்கிறாள். கேட்கவில்லை.

ஜனவரி 29 – வியாழன்

நூலகத்தில் ஆறு கடிதம். கனெக்டிகட்டில் ஒரு கிழவர். அவருடைய முதல் பாட்டனுக்குக் கல்யாணமான நாலாம் மாதத்திலேயே பிள்ளை வருகிறதே, அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டு நகல் தர முடியுமா என்று கேட்கிறார். முடியாது என்று எழுதினேன். கீழே கையெழுத்துப் போட்டேன்.

பிப்ரவரி 8 – ஞாயிறு

காலையிலிருந்து பனி. சபைக்குப் போக வழியில்லை. எல்டன் அடுப்படியில் சோளரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார், நான் மாடியில் படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தேன். ஃபோன் அடித்தது. கோராவாக இருக்கும், பனியில் வழுக்கி விழவேண்டாம் என்று ஆணையிடக் கூப்பிட்டிருப்பாள் என்று நான் இறங்கவில்லை.

கீழே எல்டனின் குரல். "ஆமா, க்ராக்கர் வீடுதான்."

பிறகு ஒன்றும் கேட்கவில்லை. தலையணை உறையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

"நான் எல்டன். அவ வீட்டுக்காரன்." பிறகு அவசரமாக, கன்றுக்குட்டியிடம் பேசுவதுபோல அவ்வளவு மெதுவாக: "இல்லம்மா, இல்ல. வெச்சிடாத. ஒரு நிமிஷம் இரு. உங்க அம்மா மாடியில இருக்கா, கூப்பிடறேன்."